நாற்பத்தேழாம் கதையின் கடைசித் தாள்

போன வாரம் அண்ணியைச் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் தவழவிட்டு வந்துவிட்டோம். அந்தத் தாள் கிடைத்ததா என்று எத்தனை பேர் கேட்டுவிட்டீர்கள்! கிடைக்கவில்லை. மெத்தையைப் புரட்டினாள், பழைய பேப்பர் கட்டைப் பிரித்தாள், மகளின் பள்ளிப் பையைக் கவிழ்த்தாள், குப்பைக் கூடையைத் தரையில் கொட்டிக் கையால் துழாவினாள். நாற்பத்தேழாம் எண் கதையின் ஐந்தாவது தாள் போனது போனதுதான்.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு நாலு வரி சொல்லிவிடுகிறேன். அண்ணி நகர நூலகத்தில் தற்காலிகத் தட்டச்சர். குழந்தைகள் கதைப் போட்டிக்கு வந்த நூற்றுப் பன்னிரண்டு கதைகளையும் தட்டச்சு செய்வது அவள் வேலை. கையெழுத்தை வைத்து யார் வீட்டுப் பிள்ளை என்று நடுவர்கள் கண்டுபிடித்துவிடக் கூடாதல்லவா? அதனால் அவர்கள் கைக்குத் தட்டச்சுப் பிரதிதான் போகும். பெயர் இருக்காது, எண் இருக்கும். பிள்ளைகள் எழுதிய தாள்கள் நூலகத்து வாசலைத் தாண்டக் கூடாது என்பது முதல் விதி.

அண்ணி தாண்டவைத்தாள். ஒன்பது கதைகளைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

காரணம் நமக்குத் தெரியும், நூலகத்துக்குத் தெரியாது. அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். நாற்பது நாளுக்கு முன்னால் ஒரு பெரிய கட்டடத்தின் லிஃப்ட் குழிக்குள் ஆறு மணி நேரம் மாட்டிக்கொண்டான். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. நடந்துதான் வீட்டுக்கு வந்தான். வந்தவன் அதற்கப்புறம் வாசற்படியைத் தாண்டவில்லை. அவனை நெடுநேரம் தனியே விட அவளுக்குப் பயம். உறவுக்காரர்களுக்கெல்லாம், "அவருக்கு ராத்திரி ஷிஃப்ட், பகல்ல தூங்குறாரு" என்று ஒரே பதிலை ஒப்பித்துக்கொண்டிருக்கிறாள்.

தாள் தொலைந்த அன்றே சொல்லியிருக்கலாம். "போட்டி ஒரு புகாரும் இல்லாம முடியட்டும், உங்கள நிரந்தரமாக்கச் சொல்லி நானே எழுதறேன்" என்று நூலகர் அம்மாள் சொல்லியிருந்தார். அந்த வாக்கைப் பிடித்துக்கொண்டுதான் வீடு நின்றுகொண்டிருந்தது. அதனால் வாயை மூடிக்கொண்டு, தொலைந்த முடிவை அவளே எழுதிச் சேர்த்துவிட்டாள். பதினோரு வரி. நூற்றுப் பன்னிரண்டில் இது எங்கே ஜெயிக்கப்போகிறது என்று நினைத்தாள்.

இன்றைக்கு நடுவர் கூட்டம்.

*

காலை ஏழே முக்கால். அடுப்படியில் நின்று சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்த அண்ணிக்குப் படுக்கையறையிலிருந்து மகளின் குரல் கேட்டது. பத்து வயது. வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர்.

"எட்டாவது மாடி... ஏழாவது மாடி..."

எட்டிப் பார்த்தாள். கட்டிலை ஒட்டித் தரையில் அவள் கணவன் உட்கார்ந்திருந்தான். பள்ளிச் சீருடை கசங்குவதைப் பற்றிக் கவலைப்படாமல், அவன் முதுகில் தன் முதுகை ஒட்டிக்கொண்டு வாலு உட்கார்ந்திருந்தாள்.

அது அவன் கற்றுக்கொடுத்த விளையாட்டுதான். இடி இடித்தாலும் சரி, ஊசி போடப் போனாலும் சரி, பயந்த பிள்ளையோடு இப்படி உட்கார்ந்து எட்டாவது மாடியிலிருந்து ஒவ்வொன்றாக இறங்குவான். தரை என்றதும் இரண்டு பேரும் எழுந்தே ஆக வேண்டும். இப்போது பிள்ளை எண்ணுகிறது, அவன் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

"ரெண்டாவது மாடி. ஒண்ணாவது மாடி. தரை! கதவு தொறக்குது. எந்திரிங்கப்பா."

அவன் எழவில்லை.

"லிஃப்ட் ரிப்பேர்டா கண்ணு" என்றான்.

"மெக்கானிக் நீங்கதானே?"

வாலு பின்னாலிருந்தே அவன் தலையைத் தடவிவிட்டு, பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். செருப்பு போடும்போது மட்டும் அம்மாவிடம் சொன்னாள், "நாளைக்குப் பத்தாவது மாடிலேர்ந்து ஆரம்பிச்சுப் பாக்கறேன்மா. எட்டு பத்தல போல."

அண்ணி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு அறை வாசலில் நின்றாள்.

"என்னங்க, சாப்பாடு மேஜை மேல இருக்கு."

"ம்."

"மத்தியானம் போன் பண்ணுவேன். எடுக்கணும்."

"ம்."

"எடுக்கலன்னா எனக்கு அங்க கை ஓடாது, தெரியும்ல?"

அவன் தலையாட்டினான். அது சரி என்றா, தெரியும் என்றா, போய்விட்டு வா என்றா? நாற்பது நாளாக அந்தத் தலையாட்டலுக்கு அவள் அர்த்தம் தேடிக்கொண்டிருக்கிறாள்.

*

நூற்றுப் பன்னிரண்டையும் ஒருவரே படிக்க முடியாது. மூன்று பங்காகப் பிரித்து, ஆளுக்கு ஒரு பங்கு படித்து, ஐம்பதுக்கு மார்க் போட்டு உறையில் தர வேண்டும் என்று ஏற்பாடு. மூன்று உறைகளையும் பிரித்து, அதிக மார்க் வாங்கிய பன்னிரண்டு கதைகளைப் பட்டியல் போடுவது அண்ணியின் பொறுப்பு. அந்தப் பன்னிரண்டையும் கூட்டத்தில் உரக்கப் படித்து முடிவு செய்வார்கள்.

முதல் உறை பல் டாக்டருடையது. குழந்தைப் பாட்டு எழுதுகிறவர் என்பதால் அவரை நடுவராகப் போட்டிருந்தார்கள். நாற்பத்தேழு அதில் இல்லை.

இரண்டாவது உறை டீச்சருடையது. டீச்சர் வேறு யாருமில்லை, அண்ணியின் நாத்தனார். இந்த வேலைக்கு அண்ணி பெயரைச் சொன்னவளே அவள்தான். பள்ளிக்கூடத்தில் ஆறு வகுப்புகளை அடக்கி அடக்கி, வீட்டுக்கு வந்தாலும் எல்லோரையும் வரிசையில் நிற்கவைக்கும் குரல். அந்த உறையிலும் நாற்பத்தேழு இல்லை.

மூன்றாவது, வானொலிக்காரர் உறை. முப்பது வருஷம் வானொலி நாடகம் போட்டு ஓய்வு பெற்றவர். நடுப்பக்கத்தில், சிவப்பு மையில், இரண்டு கோடு போட்டு: நாற்பத்தேழு. நாற்பத்தெட்டு மார்க்.

மூன்று உறையிலும் அதற்கு மேல் யாருக்கும் இல்லை.

ஜெயித்த கதையைப் புத்தகத்தில் அச்சடிப்பார்கள். எழுதின குழந்தையை மேடையேற்றி மைக் முன்னால் படிக்கச் சொல்வார்கள். கடைசிப் பக்கம் வந்ததும் அந்தக் குழந்தை நிறுத்திவிட்டு, இது என்னுடையது இல்லை என்று சபை முன்னால் சொல்லும்.

பேனாவை எடுத்தாள். மார்க் பட்டியலில் நாற்பத்தேழுக்கு நேராக, நாற்பத்தெட்டுக்குப் பதில் இருபத்தெட்டு என்று எழுதினாள். இனி அது முதல் பன்னிரண்டில் வராது. ஒரே ஒரு எண்.

நல்லவள்தான், நம் அண்ணி. ஆனால் தண்ணீருக்குள் மூழ்குகிறவள் எதைப் பிடிக்கிறோம் என்று பார்த்தா பிடிக்கிறாள்?

*

பதினோரு மணிக்கு மாடி அறையில் கூட்டம். நீள மேஜை, நாலு நாற்காலி, பாதி திறந்த ஜன்னல், மூலையில் அண்ணியின் தட்டச்சு மேஜையும் கணினியும். நூலகத்தில் இருக்கும்போது நாத்தனாரும் அண்ணியும் ஒருவரையொருவர் 'மேடம்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"பட்டியல் எல்லார்கிட்டயும் இருக்கா மேடம்?" என்றாள் டீச்சர்.

"இருக்கு மேடம்."

வானொலிக்காரர் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கினார். மேலிருந்து கீழே விரலை ஓட்டினார். மறுபடி மேலே போனார்.

"என் கரடி எங்கம்மா?"

"சார்?"

"நாப்பத்தேழு. கரடிக் கதை. நான் நாப்பத்தெட்டு போட்டிருந்தேனே. எழுவது வயசாச்சுதான், அதுக்காக என் கரடிய மறந்துடுவேனா?"

"எண்... பாத்து எழுதும்போது மாறிடுச்சு போல சார்."

"மாறினா பரவால்ல. எடுத்துட்டு வாங்க. முதல்ல அதத்தான் படிக்கறோம். நான்தான் படிப்பேன், வேற யாரும் தொடக் கூடாது."

பல் டாக்டர் சிரித்தார். "வாயத் தொறங்கன்னு நான்தான் எல்லார்கிட்டயும் சொல்லுவேன். உங்களுக்குச் சொல்லவே வேணாம் சார்."

அண்ணி பிரதியை எடுத்து வந்து கொடுத்தாள்.

கதை சின்னதுதான். மிருகக்காட்சி சாலையை மூடுகிறார்கள். எல்லாக் கூண்டுகளையும் திறந்தாயிற்று. மிருகங்கள் ஒவ்வொன்றாகக் காட்டுக்குப் புறப்படுகின்றன. குரங்கு போகிற போக்கில் காவல்காரரின் தொப்பியையும் கொண்டுபோகிறது. கரடி மட்டும் வெளியே வரவில்லை. காவல்காரரின் மகள் தேன் வைத்துப் பார்க்கிறாள், பாடிப் பார்க்கிறாள், காட்டின் படம் வரைந்து காட்டுகிறாள், போடா சோம்பேறி என்று திட்டியும் பார்க்கிறாள். நாலாவது தாளின் கடைசி வரி இது: 'அப்போது அவளுக்கு ஒன்று புரிந்தது. அது என்னவென்றால்,'

அங்கே குழந்தை நின்றது. அங்கிருந்து அண்ணி.

வானொலிக்காரர் குரங்குக்கு ஒரு குரல், காவல்காரருக்கு ஒரு குரல் என்று அமர்க்களப்படுத்திக்கொண்டே வந்தவர், கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் தன் சொந்தக் குரலுக்கு இறங்கினார்.

'கூப்பிட்டால் வராதவர்களின் பக்கத்தில் போய் உட்கார வேண்டும். அவள் தேனைக் கீழே வைத்தாள். உள்ளே போய்க் கரடியின் முதுகில் தன் முதுகை ஒட்டி உட்கார்ந்தாள். எட்டாவது மாடி, என்றாள். ஏழாவது மாடி, என்றாள். கரடியின் மூச்சு அவள் முதுகில் ஏறி இறங்கியது. ஒவ்வொரு மாடியாக இருவரும் இறங்கினார்கள். தரை, என்றாள். கதவு திறந்தது. இருவரும் எழுந்தார்கள்.'

பல் டாக்டர் கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார்.

"மிருகக்காட்சி சாலையில ஏது சார் மாடி? அதான் குழந்தை மனசு! நாம எழுதியிருந்தா மரத்த எண்ணியிருப்போம், நட்சத்திரத்த எண்ணியிருப்போம். கரடிகிட்ட போய் மாடிய எண்ணத் தோணுமா நமக்கு? முதல் பரிசு இதுதான். மிச்சத்தப் படிக்கணுமான்னே யோசிக்கறேன்."

"டீச்சர் மேடம், நீங்க என்ன சொல்றீங்க?" என்றார் வானொலிக்காரர்.

டீச்சர் அண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளினாள்.

"ரெண்டு நிமிஷம். மேடம், நீங்க கொஞ்சம் வெளில வாங்க."

*

மாடிப்படித் திருப்பத்தில், கட்டிவைத்த பழைய பத்திரிகைகளுக்கு நடுவில் இருவரும் நின்றார்கள். அங்கே 'மேடம்' கழன்றுவிட்டது.

"இது வாலு எழுதினது."

"என்ன சொல்ற நீ?"

"நடிக்காதீங்க அண்ணி. எட்டு மாடி எங்கப்பா லிஃப்ட் ஓட்டின கட்டடம். இடி இடிச்சா நானும் அண்ணனும் முதுகோட முதுகு ஒட்டிக்கிட்டு எண்ணுவோம். இந்த உலகத்துல அது தெரிஞ்சவங்க நாலே பேரு. நான், அண்ணன், நீங்க, வாலு. நான் எழுதல. அண்ணனுக்கு நாப்பது வயசாச்சு, போட்டில சேத்துக்க மாட்டாங்க."

"நான் சொல்றத முதல்ல..."

"நடுவரோட சொந்தக்காரப் பிள்ளைங்க கலந்துக்கக் கூடாதுன்னு விதியிலேயே இருக்கு. அத தட்டச்சு பண்ணதே நீங்கதான்! பிள்ளை கதைய உள்ள சொருகிட்டு, அது ஜெயிக்கப்போகுதுன்னதும் பயந்து மார்க்கக் குறைச்சிருக்கீங்க. நாளைக்கு வெளில தெரிஞ்சா என்ன பேசுவாங்க? அத்தைக்காரி நடுவர், அம்மாக்காரி தட்டச்சு, பொண்ணுக்கு முதல் பரிசு. நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வகுப்புக்குப் போவேன்?"

ஆமாம் என்று சொல்லிவிட்டால் கதையைப் போட்டியிலிருந்து எடுத்துவிடுவார்கள். டீச்சரே ஓசைப்படாமல் எடுத்துவிடுவாள், தன் மானத்துக்காகவாவது. தாள் தொலைந்தது யாருக்கும் தெரியாது. புகார் இல்லை. வேலை நிற்கும்.

ஒரே ஒரு 'ஆமாம்'.

அந்த ஆமாமுக்கு அடியில் சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர் நசுங்குவார்கள். ஒன்று வாலு. இன்னொன்று, எங்கோ ஒரு வீட்டில், தன் கரடிக்கு என்ன ஆயிற்று என்று காத்துக்கொண்டிருக்கும் முகம் தெரியாத குழந்தை.

"வாலு எழுதல" என்றாள். "அது வேற பிள்ளையோட கதை. கடைசித் தாள நான் தொலைச்சிட்டேன். அந்தப் பதினோரு வரி நான் எழுதினது."

டீச்சர் சுவரில் சாய்ந்தாள்.

"எங்க தொலைச்சீங்க?"

"வீட்ல."

"வீட்டுக்கா! அத ஏன் வீட்டுக்குக் கொண்டுபோனீங்க?"

அண்ணி பத்திரிகைக் கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கேக்கறேன்ல? ஏன் கொண்டுபோனீங்க?"

"நேரம் பத்தல."

அது பொய் என்று டீச்சருக்குத் தெரிந்துவிட்டது. பொய் சொல்லும் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண்.

"சரி. உள்ள போய் யாரு சொல்றது? நீங்களா, நானா?"

"நான்."

*

சொன்னாள். நின்றுகொண்டே, மேஜையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, மார்க்கைக் குறைத்ததையும் சேர்த்துச் சொன்னாள்.

பல் டாக்டர்தான் முதலில் வாயைத் திறந்தார். "அப்ப நான் கண் கலங்கினது யாருக்கு? உங்களுக்கா, அந்தக் குழந்தைக்கா?"

"தெரியல சார்."

"எனக்குத் தெரிஞ்சாகணும்மா. நான் கைக்குட்டைய நனைச்சிருக்கேன்."

வேறு ஒரு நாளாக இருந்தால் எல்லோரும் சிரித்திருப்பார்கள்.

நூலகர் அம்மாளை மேலே கூப்பிட்டார்கள். அவர் முழுவதையும் கேட்டார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அண்ணிக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"தொலைச்ச அன்னைக்கு வந்து சொல்லியிருந்தா திட்டிட்டு விட்டிருப்பேன்" என்றார். "ஒரு குழந்தையோட கதைக்குள்ள கைய விட்டுட்டீங்களே. நாளையிலேர்ந்து வர வேணாம். சாயங்காலம் சாவியக் குடுத்துட்டுப் போங்க."

அவ்வளவுதான். இத்தனை நாள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு காப்பாற்றியது இரண்டு வாக்கியத்தில் முடிந்துபோயிற்று.

வானொலிக்காரர் மட்டும் பிரதியை விடவில்லை. "சாவிய அப்புறம் வாங்கிக்கங்க. இப்ப என் கரடிக்கு என்ன ஆச்சுன்னு தெரியணும். எழுதின பிள்ளைக்குப் போன் போடுங்க."

"பேர் தெரியக் கூடாதுங்கறது விதி சார்" என்றார் நூலகர்.

"பேரக் கேக்காதீங்க. முடிவ மட்டும் கேளுங்க."

நூலகர் அறையின் இரும்பு அலமாரி திறந்தது. அந்தப் பிள்ளையின் பெயரும் போன் எண்ணும் இருந்த உறை வந்தது. எண்ணை அழுத்தி, போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜை மேல் வைத்தார் நூலகர்.

"எங்களுக்கு எதுவும் வேணாம்ங்க" என்றது ஒரு பெண் குரல், எடுத்த எடுப்பிலேயே.

"நகர நூலகத்துலேர்ந்து பேசறோம். உங்க குழந்தை கதை..."

"ஐயோ! அவ ஏதாவது புத்தகத்தக் கிழிச்சிட்டாளா?"

"இல்லம்மா. குழந்தைகிட்ட குடுங்க. வீட்ல இருக்காளா?"

"காய்ச்சல்னு லீவு போட்டுட்டுக் கட்டில்ல குதிச்சிட்டிருக்கா. இருங்க."

ஓட்டமும் மூச்சும் கேட்டன. பிறகு தெளிவான ஒரு சின்னக் குரல். "யாரு?"

நூலகர் அண்ணியைப் பார்த்தார். போனை அவள் பக்கம் தள்ளினார்.

அண்ணி குனிந்தாள். "உன் கதையத் தட்டச்சு பண்ணவ பேசறேன்மா. உன் கடைசித் தாளத் தொலைச்சிட்டேன். தப்பு என்னுதுதான்."

"அஞ்சாவது தாளா?"

"ஆமா."

"அதுலதான் எல்லாமே இருக்கு!" குரல் உடைந்தது. "பிரதி எடுத்து வெக்க வேணாம், ஒரு தடவ எழுதினதே போதும்னு அம்மா சொல்லிட்டாங்க. நீங்க தொலைச்சிட்டு எனக்கு ஏன் சொல்லல?"

"பயந்துட்டேன்."

"பெரியவங்களா நீங்க?"

"ஆமா."

"பெரியவங்க பயந்தா நாங்க என்ன பண்றது?"

அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள். டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"முடிவு உனக்கு ஞாபகம் இருக்காம்மா? நீ சொல்லச் சொல்ல நான் அடிச்சுடறேன். ஒரு எழுத்துகூட மாத்த மாட்டேன்."

மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு, "கம்ப்யூட்டர் பக்கத்துல இருக்கீங்களா?" என்று ஒரு அதிகாரி கேட்பதைப் போலக் கேட்டது.

"இதோ."

"சரி. அடிங்க. அது என்னவென்றால், கமா போட்டாச்சுல்ல? கரடி பிடிவாதம் பிடிக்கவில்லை. அதற்கு உடம்பு சரியில்லை. வெளியே தெரியாத இடத்தில் வலிக்கிறது."

அண்ணியின் விரல்கள் ஒரு நொடி நின்றன.

"அடிச்சிட்டீங்களா?"

"அடிச்சிட்டேன்."

"பாட்டுப் பாடினால் அது சரியாகாது. தேன் வைத்தாலும் சரியாகாது. அவள் கரடியிடம் சொன்னாள். நான் சின்னப் பெண், உன்னைத் தனியாகத் தூக்க என்னால் முடியாது, நீ இங்கேயே இரு. சொல்லிவிட்டு மிருக வைத்தியரைக் கூட்டிவர ஓடினாள். வழியில் மழை பெய்தது. அவள் நிற்கவில்லை. அவ்வளவுதான்."

"முடிஞ்சுதா?"

"முற்றும்னு போடாதீங்க. எனக்குப் பிடிக்காது."

பல் டாக்டருக்குப் பொறுக்கவில்லை. போனை நோக்கிக் குனிந்தார். "ஏம்மா, கரடி வெளில வந்துச்சா இல்லையா?"

"அது எனக்கெப்படித் தெரியும்? அவ இன்னும் வழிலதானே இருக்கா?"

போன் அங்கே வைக்கப்பட்டுவிட்டது.

வானொலிக்காரர் சிவப்புப் பேனாவை எடுத்தார். நாற்பத்தெட்டை அடித்து ஐம்பது என்று எழுதினார்.

"எனக்கு அந்த மாடிதான் பிடிச்சிருந்தது" என்று பல் டாக்டர் முனகினார். "அதுவுமில்லாம, வேற ஒருத்தர் கைபட்ட கதை. விதிப்படி தள்ளிவெக்கணும்."

"மாடிக்குப் பரிசு கிடையாது டாக்டர். கைபட்டது அந்தப் பிள்ளை குத்தமா?" என்றார் வானொலிக்காரர்.

"அப்ப மூணாவது ஓட்டு டீச்சரோடது" என்றார் நூலகர். "சாயங்காலத்துக்குள்ள சொல்லுங்க."

டீச்சரின் கட்டம் காலியாகக் கிடந்தது. அவள் பேனாவைத் தொடவில்லை.

*

கூட்டம் கலைந்தபோது மணி இரண்டு. மத்தியானம் வீட்டுக்குப் போன் பண்ணவில்லை என்று அண்ணிக்கு அப்போதுதான் நினைவு வந்தது. ஓடிப்போய்ப் போனை எடுத்தாள். மணி அடித்தது, அடித்தது, நின்றது. மறுபடி போட்டாள். அவன் எடுக்கவில்லை.

தன் மேஜையை ஒழிக்க ஆரம்பித்தாள். டப்பா, தண்ணீர் பாட்டில், வாலு வரைந்து கொடுத்த ஒரு பூனை. பூனைப் படம் நழுவிக் கீழே விழுந்தது. கணினித் திரையில் குழந்தையின் முடிவு அப்படியே நின்றுகொண்டிருந்தது.

பின்னால் டீச்சர் வந்து நின்றாள். திரையைப் படித்தாள். முடித்ததும் மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

"அண்ணி."

"சாவி நூலகர் மேஜை மேல இருக்கு. நான் கிளம்பறேன்."

"வீட்டுக்கு ஏன் கொண்டுபோனீங்கன்னு கேட்டேன். நேரம் பத்தலன்னீங்க."

"விடு. வேலையே போச்சு, இனிமே அதக் கேட்டு என்ன ஆகப்போகுது?"

"நான் ஓட்டப் பத்திப் பேசல. வேலையப் பத்தியும் பேசல." டீச்சர் குரலில் வகுப்பறை இல்லை. "உங்க முடிவுல கரடி எந்திரிக்குது. அத எழுதும்போது நீங்க யார நெனச்சு எழுதினீங்க?"

அண்ணி டப்பாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு மாசத்துக்கு மேல நான் எப்ப வந்தாலும் அண்ணன் தூங்குது. போன் போட்டா தூங்குது. என் பிறந்தநாளுக்குக்கூடத் தூங்குது. எந்த லிஃப்டு கம்பெனில அண்ணி இப்படி ராத்திரி ராத்திரியா வேலை இருக்கு? அண்ணன் எங்க போகுது வேலைக்கு?"

ஒப்பித்து ஒப்பித்துத் தேய்ந்த பதில் நாக்கின் நுனிக்கு வந்தது. ராத்திரி ஷிஃப்ட், பகல்ல தூங்குறாரு. வந்தது, நின்றது, வெளியே போகவில்லை.

"எங்கயும் போகல" என்றாள் அண்ணி. "நாப்பது நாளாச்சு. படி தாண்டல. சமைச்சுப் பாத்தேன், கெஞ்சிப் பாத்தேன், சண்டை போட்டுப் பாத்தேன். பிள்ளை தினம் உக்காந்து எண்ணுது. இன்னைக்குப் போனும் எடுக்கல. யார்கிட்டயும் சொல்லாதன்னு என் கையப் பிடிச்சுக்கிட்டு அழுதாருடி. அதான் சொல்லல. என்னால தனியா தூக்க முடியல. நீ வா."

டீச்சர் அவள் கையிலிருந்த டப்பாவை வாங்கினாள். கீழே விழுந்திருந்த பூனைப் படத்தைக் குனிந்து எடுத்து அதன் மேல் வைத்தாள்.

"எங்க பள்ளிக்கூடத்துக்கு வர்ற மனநல டாக்டரம்மா நாலு மணி வரைக்கும் இருப்பாங்க" என்றாள். "இப்பவே ஓடினா பிடிச்சுடலாம். செருப்பப் போடுங்க அண்ணி."